ஏவுகணைக் காலத்தில் ஒரு நகரத்தைக் காக்க முடியுமா?

2025 மே மாதம் நாடெங்கும் நடந்த சிவில் பாதுகாப்பு ஒத்திகையைத் தொடர்ந்து, எண்ணூரில் வசிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஏவுகணைகள் இவ்வளவு பெருகிவிட்ட பிறகு டாங்கியும் காலாட்படையும் எதற்கு? நாளைக்குச் சென்னையை நோக்கி ஓர் ஏவுகணை வந்தால் அதைத் தடுக்க முடியுமா, முடியாதா?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போரின் தன்மையையே ஏவுகணை மாற்றிவிட்டதா என்பது முதலாவது. துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் நடுவே குடியிருக்கும் குடும்பத்தைக் காக்க யாராலாவது இயலுமா என்பது இரண்டாவது. அவர் உண்மையில் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எத்தனை ஏவுகணைகள் வருகின்றன, தடுப்பவரிடம் எத்தனை இருக்கின்றன, கையில் எத்தனை விநாடிகள் மிச்சம் என்ற கணக்கில்தான் பதில் இருக்கிறது. சென்னையில் விமானப் பொறியியல் மாணவர்களுக்கு வழிகாட்டலும் கட்டுப்பாடும் என்ற பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். சீருடை அணிந்தவன் அல்லன், ரகசியக் கோப்புகளைப் பார்த்தவனும் அல்லன். ஆகவே ஏவுகணை எப்படிப் பறக்கிறது, ஏன் குறி தவறுகிறது, அதைத் தடுப்பது ஏன் கடினம் என்பவற்றை உறுதியோடு சொல்கிறேன். போர் முறையைப் பற்றி நான் சொல்பவற்றை, வெளிவந்த பதிவுகளைப் படித்த ஒருவரின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராக்கெட்டுகள் நமக்குப் புதியவை அல்ல. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தபோது, இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் பயன்பட்டன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் அந்த ராக்கெட்டுகளால்தான் தீப்பிடித்தன என்று பலரும் எழுதுகிறார்கள். பீரங்கிக் குண்டினாலும் அது நேர்ந்திருக்கலாம் என்பதால் அதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்த பின் அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டதும், அவற்றை முன்வைத்து வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை உருவாக்கியதும் உறுதியானவை. ஆனால் அந்த ராக்கெட்டுகளை ஏவிய பிறகு யாரும் திருத்த முடியாது. 1944 செப்டம்பரில் ஜெர்மனி லண்டன் மீது ஏவத் தொடங்கிய வி-2 ஏவுகணைதான், உள்ளே இருந்த, திசை மாற்றத்தை உணரும் ஜைரோஸ்கோப்புகளின் துணையோடு தன் பாதையைத் தானே திருத்திக்கொண்டு 300 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு டன் எடையுள்ள வெடிமுனையைக் கொண்டுபோய்ப் போட்டது. அப்படியும் அது பல கிலோமீட்டர் தவறி விழுந்தது. லண்டன் என்ற பெருநகரத்தைக் குறிவைக்க முடிந்ததே தவிர, லண்டனில் உள்ள ஒரு பாலத்தைக் குறிவைக்க முடியவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வி-2 ஏவுகணைகள் ஏவப்பட்டும் போரின் முடிவு மாறவில்லை.

இங்கே என் மாணவர்களுக்கு வழக்கமாகப் போட்டுக் காட்டும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடந்த எண்பது ஆண்டு வரலாற்றின் பெரும்பகுதி அதற்குள் அடங்கியிருக்கிறது. பாலிஸ்டிக் ஏவுகணையின் எஞ்சின் முதல் சில நிமிடங்கள்தான் எரியும். அது அணைந்த பிறகு, வீசியெறிந்த கல்லைப் போலப் புவியீர்ப்பு இழுத்த வழியில் போகும். ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டிய ஏவுகணை எஞ்சின் அணையும் கணத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தில் விநாடிக்கு ஒரே ஒரு மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, விழும் இடம் அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்கு பிழைகூட ஒரு விமானத்தளத்தைத் தப்பவிட்டுவிடும். ஆகவே ஏவுகணைத் தொழில்நுட்பத்தில் அரிதான பொருள் நெருப்போ எரிபொருளோ அன்று. முடுக்கத்தையும் திசையையும் பிசகாமல் அளக்கும் கருவிகளே. 1983இல் அப்துல் கலாம் தலைமையில் இந்தியா ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தைத் தொடங்கி, 1988இல் பிருத்வியையும் 1989இல் அக்னியையும் சோதித்த காலத்தில், 1987இல் உருவான ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் பேரில் மற்ற நாடுகள் நமக்குத் தர மறுத்தவற்றில் இத்தகைய கருவிகளும் அடங்கும். அவற்றை இங்கேயே செய்யக் கற்ற பொறியாளர்களின் உழைப்பை நாம் போதுமான அளவு பேசியதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

துல்லியம் கூடியபோது ஏவுகணையின் இலக்கு நகரத்திலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து ஒரு கட்டடத்துக்கும் சுருங்கியது. 1967 அக்டோபரில் போர்ட் சையத் அருகே எகிப்தின் சிறு படகுகள் சோவியத் ஏவுகணைகளை ஏவி 'எய்லாத்' என்ற இஸ்ரேலியப் போர்க்கப்பலை மூழ்கடித்தபோது கடற்படைகள் அதிர்ந்துபோயின. அதே வகை ஏவுகணைகளைத் தாங்கிய இந்தியப் படகுகள் 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு கராச்சியை நெருங்கிப் போர்க்கப்பல்களைத் தாக்கின. அடுத்த சில நாள்களில் கராச்சித் துறைமுகத்தின் கியாமாரி எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. சென்னை வாசகர்களுக்கு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் இங்கிருந்த பர்மா ஆயில் நிறுவனத்தின் தொட்டிகளைக் கொளுத்த, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட வேண்டியிருந்தது. கராச்சியில் கடலில் தள்ளி நின்ற ஒரு சிறு படகுக்குச் சில ஏவுகணைகளே போதுமாக இருந்தன.

இனி நேரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பாதுகாப்பின் சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. மெரினா கலங்கரை விளக்கம் ஏறத்தாழ 46 மீட்டர் உயரம். அதன் உச்சியில் நின்று பார்த்தாலும், தொலைவில் போகும் படகின் உடல் மறைந்து பாய்மரமோ கம்பமோ மட்டும் தெரியும். பூமியின் வளைவு மற்றதை மறைத்துவிடுகிறது. ரேடாருக்கும் இதே தடைதான். அந்த உயரத்தில் ஒரு ரேடாரை வைத்து, விமானத்தைப் போல எஞ்சின் இயங்கியபடியே கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் தாழப் பறந்து வரும் குரூஸ் ஏவுகணையைத் தேடினால், அது ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் தென்படும். ஏவுகணை ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் வந்தால் இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே அதிகமான நேரம் கிடைக்கும். பிரம்மோஸ் போல ஒலியைக் காட்டிலும் 2.8 மடங்கு வேகத்தில் வந்தால் முக்கால் நிமிடம்கூட இல்லை. போர்க்கப்பலின் ரேடார் இதைவிடத் தாழ்வாக இருக்கும் என்பதால் அதற்கு இன்னும் குறைவு. அந்த விநாடிகளுக்குள் அது ஏவுகணைதான் என்று உறுதிசெய்ய வேண்டும், நம்முடையதா என்று பார்க்க வேண்டும், ஆணை பெற வேண்டும், எதிர் ஏவுகணையை ஏவ வேண்டும், அது போய்ச் சேரவும் வேண்டும். 1982 மே 4ஆம் தேதி ஃபாக்லாந்து போரில் எக்சோசெட் ஏவுகணை பிரிட்டனின் 'ஷெஃபீல்ட்' கப்பலைத் தாக்கியபோது, அந்தக் கப்பலால் எதிர்த்து எதையும் ஏவ இயலவில்லை. வானிலேயே சுற்றிவரும் ரேடார் விமானங்களுக்கு நாடுகள் பெரும் பணத்தைச் செலவிடுவது, அடிவானத்தைத் தள்ளிவைத்து இந்த நிமிடங்களை வாங்குவதற்காகத்தான். தஞ்சாவூர் விமானத்தளத்தில் பிரம்மோஸ் தாங்கிய சுகோய் விமானப்படைப் பிரிவு 2020இல் அமைக்கப்பட்டதும் இதே கணக்கின் மறுபக்கம்: இந்தியப் பெருங்கடலில் வரும் எதிரிக் கப்பலுக்குக் கிடைக்கும் நேரத்தை விமானத்திலிருந்து பறிப்பது.

தடுப்பு முறைகள் எவ்வளவு நுட்பமான நூலில் தொங்குகின்றன என்பதற்கு வளைகுடாப் போரின்போது 1991 பிப்ரவரி 25ஆம் தேதி சவுதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அங்கிருந்த பேட்ரியட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கணினி, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி என்ற அளவில் எண்ணிக்கொண்டிருந்தது. பத்தில் ஒன்று என்ற எண்ணை இரும எண்முறையில் முடிவாக எழுத முடியாது. எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுவதால் வரும் பிழை ஒவ்வொரு முறையும் ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்தக் கணினி அணைக்கப்படாமல் நூறு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்ததால், சிறுகச் சிறுகச் சேர்ந்த பிழை 0.34 விநாடி ஆகிவிட்டது. ஈராக் ஏவிய ஸ்கட் என்ற பாலிஸ்டிக் ஏவுகணை அந்த நேரத்துக்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ரேடார் தவறான இடத்தில் தேடியது, எதுவும் தென்படவில்லை, எதிர் ஏவுகணை ஏவப்படவே இல்லை. படைவீரர் குடியிருப்பில் 28 அமெரிக்கர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. ஓரிடத்தில் சில மணி நேரம் இயங்கிவிட்டு நகரும் என்ற எண்ணத்தில் வடிவமைத்த கருவியை நாள்கணக்கில் ஓடவிட்டதே காரணம். இந்தக் கணக்கை வகுப்பில் எழுதும்போதெல்லாம், கடைசித் தசம இலக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள் என்று மாணவர்களிடம் மன்றாடியிருக்கிறேன்.

கருவிகள் பிழையின்றி இயங்கினாலும் எண்ணிக்கை என்ற சிக்கல் இருக்கிறது. ஓர் இடைமறிப்பு ஏவுகணை 80 விழுக்காடு வெற்றி தரும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் எதிரி ஏவுகணைக்கும் இரண்டை ஏவினால் வெற்றி வாய்ப்பு 96 விழுக்காடாக உயரும். நூறு வந்தால் இருநூறு செலவாகும், அப்படியும் நான்கு உள்ளே வந்துவிடும். இதுவும், ஒன்றின் தோல்வி மற்றொன்றைத் தொடாது என்று நாம் கருதுவதால் கிடைக்கும் விடை. தஹ்ரானில் போல எல்லாவற்றுக்கும் பொதுவான பிழை ஒன்று இருந்தால் கணக்கு மொத்தமாகக் கவிழ்ந்துவிடும். இஸ்ரேலின் அயர்ன் டோம் அமைப்பு, வரும் ராக்கெட் விழப்போகும் இடத்தை முன்கூட்டியே கணித்து, வெற்று நிலத்தில் விழுபவற்றைத் தடுக்காமல் விட்டுவிடுகிறது. அந்தச் சிக்கனமே அதன் உண்மையான சாதனை என்பேன். டிரோன்கள் வந்த பிறகு இந்த நெருக்கடி முற்றிவிட்டது. ஈரானின் ஷாஹெத் வகை டிரோன் ஒன்றின் விலை சில பத்தாயிரம் டாலர்கள் என்று வெளியான மதிப்பீடுகள் கூறுகின்றன. பேட்ரியட்டின் புதிய எதிர் ஏவுகணை ஒன்றுக்குச் சில பத்து லட்சம் டாலர்கள் ஆகின்றன, அதுவும் ஆண்டுக்குச் சில நூறுதான் தயாராகின்றன. எளிய கருவி, விலையுயர்ந்த பாதுகாப்பைத் தாண்டிவிடுவதை நாம் அருகிலேயே கண்டிருக்கிறோம்: 2007 மார்ச் மாதம் விடுதலைப் புலிகளின் சிறு பயிற்சி விமானங்கள் இரவில் பறந்து வந்து கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீது குண்டு வீசிவிட்டுத் திரும்பின.

டாங்கிகள் எதற்கு என்ற முதல் கேள்விக்கு இப்போது சுருக்கமாகச் சொல்லலாம். 1973 போரின் முதல் நாள்களில் எகிப்தியக் காலாட்படை கையில் தூக்கிச் சென்ற வழிகாட்டு ஏவுகணைகளால் இஸ்ரேலின் டாங்கிகள் எரிந்தபோது, டாங்கியின் காலம் முடிந்தது என்று எழுதினார்கள். 2022இல் உக்ரைனில் ரஷ்ய டாங்கிகள் எரிந்தபோது மறுபடியும் அதையே எழுதினார்கள். ஆனாலும் இரண்டு தரப்பும் டாங்கிகளைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன, ஆவடியில் டாங்கித் தயாரிப்பும் ஆராய்ச்சியும் நிற்கவில்லை. ஏவுகணையால் ஒரு பாலத்தை உடைக்க முடியும். அந்தப் பாலத்தைக் கைப்பற்றி அங்கே நிற்க முடியாது. ஏவுகணைத் தாக்குதலால் மட்டும் ஒரு நாடு பணிந்ததா என்று கேட்டால், எதிர்வாதத்துக்குரிய ஒரே நிகழ்வாக 1988இல் ஈராக் டெஹ்ரான் மீது நடத்திய தாக்குதலைச் சொல்லலாம். லட்சக்கணக்கானோர் நகரத்தைவிட்டு வெளியேறினார்கள், சில மாதங்களில் ஈரான் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டது. ஆனால் அப்போது ஈரான் தரைப்போரிலும் தோற்றுக்கொண்டிருந்தது, பொருளாதாரமும் சரிந்திருந்தது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

செய்திகளில் வரும் இரண்டு வகைக் கூற்றுகளை நம்புவதற்கு முன் நிதானிக்கச் சொல்வேன். முதலாவது, வெற்றி விழுக்காடு. 1991இல் பேட்ரியட் ஏறக்குறைய எல்லா ஸ்கட்களையும் வீழ்த்தியதாக முதலில் சொன்னார்கள். பிறகு ராணுவமே அந்த எண்ணைக் குறைத்தது, வெளி ஆய்வாளர்கள் சிலர் வெற்றி மிக மிகக் குறைவு என்று வாதிட்டார்கள். வானில் வெடிப்பது தெரிந்தாலே வெடிமுனை அழிந்தது என்று பொருளாகாது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள்கள் மோதியபோதும் இழப்புகளைப் பற்றி இரு தரப்பும் வெவ்வேறாகச் சொல்லின. இந்தியா தொலைதூரத் துல்லிய ஆயுதங்களால் விமானத்தளங்களைத் தாக்கியதும், இருபுறமும் டிரோன்கள் பெருமளவில் பறந்ததும், நம் தரப்பில் சில விமானங்கள் இழக்கப்பட்டதை முப்படைத் தலைமைத் தளபதி ஒப்புக்கொண்டதும் பதிவில் உள்ளவை. எண்ணிக்கைகளை நான் எடுத்தாள மாட்டேன். இரண்டாவது, 'தடுக்கவே முடியாத ஹைப்பர்சானிக்', அதாவது ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான வேக ஏவுகணை, என்ற கூற்று. வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 1944இன் வி-2வே ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் பறந்ததுதான். புதியது, அந்த வேகத்தில் வளைந்து திரும்பும் திறன். தடுக்க முடியாதது என்று சொல்லப்பட்ட ரஷ்யாவின் கின்ழால் ஏவுகணை ஒன்றை 2023 மே மாதம் பேட்ரியட்டைக் கொண்டு வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது, அமெரிக்காவும் அதை உறுதிசெய்தது.

இனிச் சென்னை. கராச்சியிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். பாலிஸ்டிக் ஏவுகணை ஒன்று அந்தத் தூரத்தைக் கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். இந்தியா 2006இலிருந்து வளிமண்டலத்துக்கு வெளியேயும் உள்ளேயும் இடைமறிக்கும் ஏவுகணைகளைச் சோதித்து வருகிறது. 2024 ஜூலையில் 5,000 கிலோமீட்டர் வகை ஏவுகணைகளைத் தடுப்பதற்கான இரண்டாம் கட்டச் சோதனையும் நடந்தது. ஆகவே, ஓர் ஏவுகணை வந்தால் தடுக்கும் தொழில்நுட்பம் நம்மிடம் இருக்கிறது. பல வந்தால் எல்லாவற்றையும் எந்த நாட்டாலும் தடுக்க முடியாது என்பதும் உண்மை. உங்களுக்கு நிம்மதி தரக்கூடியது வேறொன்று: இவ்வளவு தூரத்திலுள்ள நகரத்தின் மீது ஏவுகணை ஏவுவது பெரும்போருக்கான முடிவு, அந்த முடிவை எடுக்கவிடாமல் செய்வது பதிலடியைப் பற்றிய அச்சம்தான். அதைவிட அன்றாடமாக நம்மைத் தொடும் வாய்ப்புள்ளது கடல்வழி. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களை ஏவுகணைகளாலும் டிரோன்களாலும் தாக்கியபோது, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் கூடுதல் கட்டணமும் கூடுதல் நாள்களுமாக அதைத் தாங்க வேண்டியிருந்தது.

கல்பாக்கத்தைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட்டிருப்பீர்கள். அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31ஆம் தேதி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கார்கில் போரின் ஆண்டிலும் சரி, அதற்குப் பின்னும் சரி, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் தேதி அந்த நிலையங்களின் பட்டியலை இரு நாடுகளும் பரிமாறிக்கொள்கின்றன. பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே அறிவிக்கும் ஒப்பந்தம் 2005இல் கையெழுத்தானது. ஆனால் அது குரூஸ் ஏவுகணைகளுக்குப் பொருந்தாது. 2022 மார்ச் 9ஆம் தேதி தவறுதலாகப் புறப்பட்ட நம் ஏவுகணை ஒன்று பாகிஸ்தானுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்று மியான் சன்னு அருகே விழுந்தது. விதிமுறைகளிலிருந்து விலகியதற்காக விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நல்வேளையாக உயிரிழப்பு இல்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் எல்லைக்கு அப்பால் ரேடாரின் முன் அமர்ந்திருந்தவர், இது விபத்து என்று எப்படி அறிந்திருப்பார் என்பதுதான் என்னை இன்றும் வருத்தும் கேள்வி. மேலும் ஒரு வான் பாதுகாப்பு அமைப்பை வாங்குவதற்கு நான் எதிரி அல்லன். எனினும், 2005 ஒப்பந்தத்தைக் குரூஸ் ஏவுகணைகளுக்கும் ஆயுதம் தாங்கிய டிரோன்களுக்கும் விரிவாக்குவதும், தவறு நேர்ந்தால் அதே நிமிடத்தில் பேசுவதற்கான தொலைபேசி இணைப்பை இரு தலைநகரங்களும் நம்பத்தக்கதாக வைத்திருப்பதும் எண்ணூரில் உள்ள உங்கள் வீட்டுக்கு அதைவிடக் கூடுதல் பாதுகாப்பைத் தரும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 2025 மே 10ஆம் தேதி சண்டை நின்றதும் இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் தொலைபேசியில் பேசிய பிறகுதான்.